ஏழு தும்மலும் முப்பது யானைகளும்

வாசனையைக் கைபேசியில் காட்ட முடியாது என்பது றஸ்மியாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் முப்பத்தெட்டுப் படங்கள் போட்டுவிட்டாள்.

மாத்தளைப் பக்கம் பல்லேபொலையில் அவளுடைய வீட்டு முன்னறையில் ஒரு கூடை நிறைய யானைகள் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. கணவர் ஜைனுதீன் கட்டிப் பழசான சாரங்களை வெட்டித் தைத்தவை. வயிற்றுக்குள் கராம்பும் நொறுக்கிய கறுவாப் பட்டையும். அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவே ஒன்றை வைத்தால் பூச்சி அண்டாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் யாரோ விருந்துக்கு வந்துவிட்டுப் போனதுபோல ஒரு வாசம் வரும். அதுதான் யானையின் உத்தியோகம். படத்திலோ அது கட்டம் போட்ட துணியில் தைத்த, கொஞ்சம் கர்வம் பிடித்த ஒரு யானை, அவ்வளவுதான்.

பேஸ்புக்கில் 'வாசன யானை' என்று பக்கம் தொடங்கிக் கொடுத்தவள் நிரோஜா. மாத்தளை டவுனில் ஒரு கைபேசிக் கடையில் வேலை செய்கிறவள், பக்கத்து வீடு. பக்கம் தொடங்கி ஐந்து மாதத்தில் எழுபத்தொரு பேர் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் அறுபத்தாறு பேர் றஸ்மியாவின் சொந்தக்காரர்கள். எந்த யானையைப் போட்டாலும் பத்து நிமிடத்தில் வரிசையாக வந்து 'மாஷா அல்லாஹ்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். கண்ணூறு படக்கூடாதே என்ற நல்ல எண்ணம். அந்த வரிசையைப் பார்க்கிற வெளியாளுக்கு ஏதோ வீட்டுக்கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்டோம் போலிருக்கிறதே என்று தோன்றி அப்படியே திரும்பிப் போய்விடும். மாமி மகள் ஒருத்தி மட்டும், "எங்கட வீட்டுக்கு எப்ப யானை வரும்?" என்று கேட்டிருந்தாள். சும்மா எப்போது தருவாய் என்று அர்த்தம்.

மிச்சம் ஐந்து பேரில் நிரோஜாவுக்கு இரண்டு கணக்கு, அவளுடைய அம்மா பாலாமணிக்கு ஒன்று, நிரோஜாவின் முதலாளிக்கு ஒன்று. ஐந்தாமவர் பிரேசில் நாட்டில் சப்பாத்து விற்கிறவர். அவர் ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. றஸ்மியாவுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

ஏனென்றால் அவர் அந்நியர். அவள் ஜைனுதீன் ஹாஜியாரின் மனைவி என்றோ, இன்னாரின் மருமகள் என்றோ தெரியாத ஒருவர், யானையைப் பார்த்து ஒரு நொடி விரலை நிறுத்த வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த ஆசையை அவள் வெளியே சொன்னதில்லை. தெரியாதவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிற பெண்ணுக்கு ஊரில் வேறு பெயர் உண்டு. தன் ஆசை அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். வேறு என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் மறுபடியும் ஒரு யானையைத் தைப்பாள்.

இந்த நிலைமையில்தான் தினுஷா வந்து சேர்ந்தாள். சீகிரியா போகிற வழியில் சுற்றுலாப் பயணிகளுக்கான பரிசுப்பொருள் கடை வைத்திருக்கிறாள். ஜைனுதீனின் கடையில் வாசனைச் சரக்கு வாங்க வந்தவள் கல்லாவுக்கு மேல் தொங்கிய யானையைப் பார்த்து, முகவரி கேட்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"வடிவா இருக்கு நங்கி," என்றாள் சிங்களத்தில், தங்கையைக் கூப்பிடுவதுபோல. "டிசம்பர் சீசனுக்கு சாமான் அடுக்குற ராக்கை ஒண்ண முழுசா உனக்கே தாரேன். ஆனா இப்ப வர்ற வெள்ளக்காரங்க சாமான எடுக்க முந்தி ஃபோன எடுத்து பேஸ்புக் பக்கத்தப் பாக்குறாங்க. எழுபது பேர் இருக்கிற பக்கத்த பாத்தா ஏமாத்துன்னு நெனப்பாங்க. இந்த மாசம் முடியிறதுக்குள்ள ஆயிரம் பேர காட்டு. ராக்கை உனக்கு. இல்லாட்டி மரமுகமூடிக்காரன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"தொளாயிரத்து இருபத்தொம்போது பேருக்கு நான் எங்க போறது?" என்றாள் றஸ்மியா.

நிரோஜா கூடையிலிருந்து ஒரு யானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "அக்கா, வாசனய காட்ட ஏலாது. மோந்து பாக்குற ஆளோட மூஞ்சிய காட்டலாம்ல?"

"யார்ட மூஞ்சி? என்ட மூஞ்சி வராது."

"என் மூஞ்சியும் வேணாம். மாத்தளையில பாதிப் பேருக்கு ரீலோட் போட்டு விட்டவ நானு. யானையப் பாக்காம சிம் கார்டு இருக்கான்னு கேப்பாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பினார்கள். ஜைனுதீன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்து வைத்து ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

"நானா மூஞ்சி எப்புடி?"

"அது சிரிக்காது."

"சிரிக்க வேணாம். மோந்தா போதும்."

ஜைனுதீன் மறுக்கவில்லை. மாத்தளையில் கராம்பும் மிளகும் கொள்முதல் செய்கிறவர்களில் அவர் மூக்குக்குத் தனி மரியாதை உண்டு. கராம்பை நகத்தால் அழுத்தி, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து, ஒரு தடவை முகர்ந்து, மரத்தில் இருந்து எப்போது பறித்தது என்று சொல்லிவிடுவார். தன்னிடம் கேட்பது சரக்கைப் பற்றிய தீர்ப்பு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இல்லாட்டி நல்லா இல்லன்னுதான் சொல்லுவேன். பொஞ்சாதி தைச்சதுன்னு பாக்க மாட்டேன்."

"அதான் வேணும் நானா," என்றாள் நிரோஜா.

வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொள்ள அவர் உள்ளே போன நேரத்தில்தான் றஸ்மியா அந்தக் காரியத்தைச் செய்தாள். வழக்கமான யானையின் வாசம் மென்மையானது. அலுமாரிக்குப் போதும், வீடியோவுக்குப் போதுமா என்று திடீரென்று பயம் வந்தது. ஒரு யானையின் வயிற்றைப் பிரித்து, அன்று காலை இடித்து வைத்திருந்த மிளகுத் தூளையும் கராம்புத் தூளையும் இரண்டு கை அள்ளித் திணித்து அவசரமாக நாலு தையல் போட்டாள். கைபேசிக்குள் வாசம் போகாது என்று அவள் புத்திக்குத் தெரியும். கைகள் புத்தியைக் கேட்கவில்லை.

ஜைனுதீன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். யானையை இரண்டு கையாலும் ஏந்தினார். கண்ணை மூடி, கடை மூட்டைக்கு முன்னால் இழுப்பதுபோல, அடிவயிறு வரை மூச்சை இழுத்தார்.

முதல் தும்மலில் தொப்பி நெற்றிக்கு வந்தது. யானை தலைகீழாகத் தரையில் விழுந்தது.

தும்மினால் இறைவனைப் புகழ வேண்டும். கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்று அவருக்கு இறையருளைக் கேட்க வேண்டும். அதற்குத் தும்மியவர் ஒரு பதில் வாழ்த்துச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பழகியது, நாக்கு தானாகச் சொல்லிவிடும்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஜைனுதீன்.

"யர்ஹமுகல்லாஹ்," என்றாள் றஸ்மியா, கமராவுக்குப் பின்னாலிருந்து.

"யஹ்தீ..." என்று அவர் தொடங்குவதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. மறுபடியும் புகழ்ச்சி, மறுபடியும் அருள், மறுபடியும் பதில் பாதியில். மூன்றாவதில் றஸ்மியாவுக்குச் சிரிப்பு முட்டி, 'யர்ஹமு'வோடு குரல் உடைந்தது. நிரோஜா கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். ஏழு தும்மல். ஏழு தடவையும் அந்த மனிதர் இறைவனைப் புகழ்ந்தார். ஒரு தடவைகூடப் பதில் வாழ்த்தை முடிக்க முடியவில்லை. கடைசியில் கண்ணீரும் மூக்குநீருமாக நிமிர்ந்து, தொப்பியைச் சரிசெய்து, கமராவைப் பார்த்து ஒரு நீதிபதியைப் போலச் சொன்னார்:

"சரக்கு நல்ல சரக்கு."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த பிறகு, "இதப் போட வேணாம். வேற நாளைக்கு ஒழுங்கா எடுப்போம்," என்றார். றஸ்மியா தலையாட்டினாள்.

புதன்கிழமை மதியம் அவள் தனியாக இருந்தாள். நிரோஜா அனுப்பி வைத்திருந்த வீடியோவைப் பன்னிரண்டாவது தடவையாகப் பார்த்தாள். பன்னிரண்டு தடவையும் சிரித்தாள். பக்கத்தில் எழுபத்தொரு பேர் எழுபத்தொரு பேராகவே இருந்தார்கள். மேலே எழுத ஏதாவது வேண்டுமே என்று, 'எங்க வீட்டு ஆள்ட தீர்ப்பு' என்று எழுதினாள். போடவா என்று கைபேசிதான் கேட்டது. அவள் யாரையும் கேட்கவில்லை.

போட்ட பிறகு சோறு வடிக்கப் போனாள். களவெடுத்த சாமானைத் திருப்பி வைக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்தும் வைக்காமல் இருக்கிறவளைப்போல இருந்தது அவளுக்கு. இதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததுதான் அவளுக்குத் திகைப்பு.

அசர் தொழுகைக்குள் முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆயிரத்து நானூறு. யாரும் சும்மா போகவில்லை. ஒரு முஸ்லிம் தும்மி, இறைவனைப் புகழ்ந்து, அதைக் காதால் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் எப்படிப் போவது? அக்குறணையிலிருந்து, அக்கரைப்பற்றிலிருந்து, கட்டாரில் வேலை செய்கிற பிள்ளைகளிடமிருந்து 'யர்ஹமுகல்லாஹ்' வந்து குவிந்தது. ஏழு தும்மலுக்கு ஏழு தடவை எழுதினவர்களும் உண்டு. மூன்றுக்கு மேல் தும்மினால் அது சளி, தடிமன், பதில் கடமையில்லை என்று ஒருவர் விளக்கம் எழுத, மிளகுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று இன்னொருவர் மறுத்தார். வீடியோவில் எப்போதோ தும்மியவருக்கு இப்போது பதில் சொல்லலாமா என்று மூன்றாமவர் கேட்டார். சண்டை சூடுபிடித்தது. நடுவில் பாலாமணி மட்டும், தும்மலுக்கு நூறு வயது என்று வாழ்த்துகிற தன் வீட்டு வழக்கப்படி கூட்டிப் பார்த்து, 'எழுநூறு' என்று எழுதியிருந்தாள்.

வியாழக்கிழமையே செய்தி கடைக்குப் போய்விட்டது. நாவுலயிலிருந்து மிளகு கொண்டுவந்த ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு ஜைனுதீனைப் பார்த்து, 'ஹாச்' என்று பொய்த் தும்மல் போட்டார். மூட்டை தூக்குகிற மாரிமுத்து தராசுக்குப் பின்னாலிருந்து, "சரக்கு நல்ல சரக்கு!" என்றான். கடையே சிரித்தது.

வழக்கமாகக் கடையிலேயே சாப்பிடுகிற ஜைனுதீன் அன்று மதியம் வீட்டுக்கு வந்தார். செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்தார். அதுவே கெட்ட சகுனம்.

"நிரோஜா புள்ள இப்புடிச் செய்யும்னு நான் நெனக்கல்ல," என்றார்.

றஸ்மியா அதைத் திருத்தாமல் அவருக்குச் சோறு போட்டு வைத்தாள்.

"இருவத்தஞ்சு வருஷம் அந்தக் கல்லாவுல இருந்து ஒரு ஆள் என்னையப் பாத்து சிரிச்சதில்ல. இண்டைக்கு மாரிமுத்து சிரிக்கிறான். அத அழிக்கச் சொல்லு."

"சொல்றேன்."

"அழிக்க முந்தி எனக்கு ஒருக்கா காட்டு. என்னத்தப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு தெரியணுமே."

அவள் கைபேசியைக் கொடுத்தாள். அவர் வீடியோவைச் சிரிக்காமல் பார்த்து முடித்தார். பிறகு பெருவிரலால் கீழே தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். பத்திரிகை படிப்பதுபோல ஒரு வரி விடாமல் படித்தார். சோறு ஆறியது.

"இவங்க எல்லாம் யாரு?"

"தெரியாதவங்க."

"தெரியாதவங்க எனக்கு துஆ செஞ்சிருக்காங்களே, புள்ள. ரெண்டாயிரம் பேர்." அவர் குரல் மாறியிருந்தது. "நான் ஒருத்தருக்கும் பதில் சொல்லல்ல. வீடியோவுலயும் முடிக்கல்ல. யஹ்தீ, யஹ்தீன்னு சொல்லிச் சொல்லியே விட்டுட்டேன்."

"அழிச்சிரவா?"

"பதில் சொல்லாமலா? கடனோட அழிக்கிறதா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டு அடுத்த வார வெள்ளிக்கெழம அழிப்போம்."

அன்று மாலை, பழி தன் தலையில் இருக்கிறது என்று தெரியாமல், நிரோஜா வந்து அவருக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாள். ஜைனுதீன் ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். முதல் பதிலுக்கு நாலு நிமிடம்.

"நானா, ஒண்ண எழுதிட்டு மத்தத கொப்பி பண்ணலாம்," என்றாள் நிரோஜா.

"துஆவ கொப்பி அடிக்கிறதா? ஒனக்கு வெக்கமில்லையா?" என்றார் அவர். அந்த 'வெக்கமில்லையா'வில் வேறு கோபமும் இருந்தது. நிரோஜாவுக்கு விளங்கவில்லை. றஸ்மியாவுக்கு விளங்கியது. அடுப்படிக்குப் போய், தேவையில்லாமல் தேத்தண்ணி போட்டாள்.

பதில் போகப் போக, பதில் கிடைத்தவர்கள் வீடியோவைத் தங்கள் வீட்டாருக்குக் காட்டினார்கள். 'அந்த மனுசன் ஒவ்வொருத்தருக்கும் அவரே பதில் எழுதுறார்' என்று செய்தி பரவியது. அவர் நூறு பேருக்குச் சொல்லி நிமிர்ந்தால் புதிதாக இருநூறு பேர் நின்றார்கள். திங்கட்கிழமை பின்தொடர்பவர்கள் நாலாயிரம்.

தினுஷா கூப்பிட்டாள். "நங்கி! சனிக்கெழம வாறேன். முப்பது யானை ரெடியா வை. ராக்கைக்குப் பக்கத்துல ஒரு சின்னத் திரை வச்சு அந்த வீடியோவ ஓட விடப்போறேன். அது பேஸ்புக் பக்கத்துல மேலேயே இருக்கணும். எடுத்துராதே, என்ன?"

"இல்ல அக்கே," என்று சொல்லிவிட்டாள் றஸ்மியா.

சனிக்கிழமை தினுஷா. வெள்ளிக்கிழமை அழிப்பு. நடுவில் அவள் ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டும். அதை அவள் தைக்கும்போது பேசிப் பார்த்தாள், தேங்காய் துருவும்போது பேசிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவரிடம் அவள் கேட்காத சாமானில்லை: பிரஷர் குக்கர், உம்மா வீட்டுப் பயணம், கிணற்றுக்கு மோட்டார். எல்லாம் வீட்டுக்கு. 'எனக்கு' என்று தொடங்குகிற வாக்கியம் ஒன்றுகூட நினைவில் இல்லை. இப்போது தொடங்க வேண்டியதோ அவருடைய மானத்தின் மேல்.

நாலாயிரம் பேர் வந்தும் மனம் நிறையவில்லை என்பது வேறு. வந்தவர்கள் எல்லோரும் ஒரு மூக்கைப் பார்க்க வந்தவர்கள். யானை மூன்று நொடி தெரிகிறது, அதுவும் விழும்போது. தன் கணவரின் மூக்கின் மேல் பொறாமைப்படுகிற பெண் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ஊசியும் நூலுமாகத் தனியே சிரித்தாள்.

வியாழக்கிழமை மாலைத் தொழுகை முடிந்து அவர் கதிரையில் கைபேசியோடு உட்கார்ந்தபோது அவள் எதிரே போய் நின்றாள்.

"நிரோஜா போடல்ல. நான்தான் போட்டேன்."

"தெரியும்," என்றார் அவர், நிமிராமல்.

"எப்புடி?"

"'எங்க வீட்டு ஆள்'னு எழுதியிருக்கு. நிரோஜா எழுதுமா அப்புடி? ஏசிட்டேனேன்னு அதக் கண்ட நாள்ல இருந்து அந்தப் புள்ள மொகத்தப் பாக்க ஏலாம இருக்கேன்."

"அப்ப ஏன் என்னையக் கேக்கல்ல?"

"நீ ஏன் என்னையக் கேக்கல்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன்தான்."

"அதான் கேக்கல்ல."

வெளியே நாவுல பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஜைனுதீன் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"சரி. இப்ப கேளு."

அவள் தொண்டையைச் செருமினாள். "எனக்கு அந்த வீடியோ வேணும். அழிக்காம இருக்கட்டுமா?"

"வேணாம்," என்றார் ஜைனுதீன்.

றஸ்மியாவின் முகம் வாடியது. அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். கடையில் நல்ல பேரம் முடிந்தபோது உட்காருவதுபோல.

"நீ கேட்டாய். நான் வேணாம்னு சொன்னேன். ஒழுங்குப்படி நடந்திருக்க வேண்டியது நடந்தாச்சு. இப்ப சொல்றேன், இருக்கட்டும்."

"இதுக்கு ஒரு தடவ வேணாம் சொல்லணுமா?"

"சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராகக் கைபேசியை நீட்டினார். "இத நீ பாரு. இது எனக்கு வந்ததில்ல. காலையில இருந்து பதில் தெரியாம வச்சிருக்கேன்."

கலேவெலயில் இருக்கிற யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள். தும்மலைப் பற்றி ஒன்றுமில்லை. 'யானையோட காது ரெண்டும் வேற வேற மாதிரி மடிஞ்சிருக்கு. வேணும்னே அப்படித் தைச்சதா?'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். தலைகீழாக விழுகிற மூன்று நொடிக்குள் ஒருத்தி விரலை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, காதைப் பார்த்திருக்கிறாள். பதில் எழுத உட்கார்ந்த றஸ்மியாவுக்கு ஒற்றை விரல் ஜைனுதீனைவிட அதிக நேரம் பிடித்தது. ஆம் என்று எழுதினாள். ஒரு காது கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி, ஒரு காது கேட்காத மாதிரி நடிக்கிற மாதிரி என்று எழுதினாள். அதை இதற்கு முன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை தினுஷா வேனில் வந்து இறங்கினாள். முதல் வேலையாக முன்னறைக் கதிரையைத் தேடி, அதிலிருந்த ஜைனுதீனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு தினுஷா கூடையிலிருந்து ஒரு யானையை எடுத்து, ஆவலோடு மூக்கில் வைத்து, கண்ணை மூடி இழுத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். நிரோஜா ஒரு அடி பின்னால்கூட நகர்ந்து நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தினுஷா கண்ணைத் திறந்தாள். இன்னொரு யானையை எடுத்து முகர்ந்தாள்.

"வாசம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் குறைப்பட்டுக்கொண்டு. "தும்மல் எங்க?"

"இது அலுமாரிக்கு, அக்கே."

"வீடியோவப் பாத்துட்டு வாறவங்க தும்மத்தானே வருவாங்க! இதுல பாதிய பிரிச்சு மிளகு போட்டுத் தா. ரெண்டு மணித்தியாலம் நிக்கிறேன். மூணே மூணு நாள்ல வித்துக் காட்டுறேன்."

நிரோஜா றஸ்மியாவைப் பார்த்தாள். ஜைனுதீனும் பார்த்தார். ராக்கை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மிளகுத் தூள் அடுப்படியில் போத்தல் நிறைய இருந்தது. கத்தரிக்கோல் மேசைமேல்.

றஸ்மியா தினுஷாவின் கையிலிருந்து யானையை மெதுவாக வாங்கினாள். அதன் மடிந்த காதை நிமிர்த்தி, மறுபடியும் மடித்துவிட்டாள்.

"எனக்கு அது சரிவராது, அக்கே," என்றாள். சிங்களத்தில் சொன்னதால் 'எனக்கு' சுலபமாக வந்ததோ என்னவோ. "யானை தும்ம வைக்காது. அதுட வேல வேற. ஒங்களுக்குத் தும்மல் வேணும்னா, அதுக்கு வேற மிருகம் தைச்சுத் தாரேன்."

"என்ன மிருகம்?"

அவளுக்கு இன்னும் தெரியாது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஜைனுதீன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கரடி வை," என்றார். "கரடிக்குத்தான் நல்ல மூக்கு."

தினுஷா வாய்விட்டுச் சிரித்தாள். முப்பது யானைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். பத்துக் கரடி, வார சனிக்கிழமைக்கு என்றாள். றஸ்மியா சரி என்றாள். பிறகு, கரடிக்குக் கறுப்புத் துணி வேண்டுமே, அந்த வீட்டில் கறுப்பாக இருப்பதெல்லாம் தன்னுடைய அபாயாக்கள்தானே என்று நினைத்துக்கொண்டு, எது அதிகம் பழசு என்று பார்க்க அலுமாரியைத் திறக்கப் போனாள்.